எத்தனை நாள் என்று கேட்கும் திரை

1

போன வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை வந்தது. சின்ன வேலை என்று சொன்னது லிண்டா. எங்கள் குழுவின் தலைவி, பேத்தி எடுத்தவள், அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஓஹையோவில் ஒரு சிறிய ஊரில், கார் கொட்டகைகளுக்குக் கதவு செய்யும் நிறுவனம் எங்களுடையது. கிடங்கில் ஏஜென்சி மூலம் வரும் தற்காலிகத் தொழிலாளர்கள் நிறையப் பேர். கிடங்கு மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, எழுபது நாள் முடித்தவர் யார், எண்பது நாள் முடித்தவர் யார் என்று பட்டியல் கேட்பார். தொண்ணூறு நாள் ஆவதற்குள் அவர்களை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருத்தி கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்து எண்ணை மாற்றிக் கொடுப்பாள்.

"எண்ணை அவரே அடித்துக்கொள்ளும்படி செய்துவிடு. உனக்கு அரை நாள் வேலை" என்றாள் லிண்டா.

மூன்று நாள் வேண்டும் என்றேன். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் வேலையை நீட்டுகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அரை நாள்கூட ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். இதே மாதிரி இயந்திரத்தில் இதே நிரலை ஓசூரில் நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதனால் என் அண்ணன் மாதப்பனின் வேலை போனது. அந்த வேலைக்காக அவர் இன்றும் சேலத்தில் கேஸ் நடத்திக்கொண்டிருக்கிறார். அதில் அவர் பக்கம் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். நானோ பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வாயில் பூட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

2

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. அறை முழுவதும் அடைத்துக்கொள்ளும் பெரிய இயந்திரமும் இல்லை, மேஜைமேல் வைக்கிற சின்னதும் இல்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு நடுத்தர மிஷின் என்று நாங்கள் கேலி செய்வோம். ஏசி அதற்காக வைத்தது. அதன் தயவில் நாங்களும் குளிர்ந்தோம்.

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்தவள் நான். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தபோது உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு அது சோறு போட்டது. இன்றும் போடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் தகவல் எல்லாம் அட்டவணை அட்டவணையாக இருக்கும். யார் எந்த நாளில் அட்டை அடித்து உள்ளே வந்தார்கள் என்பது ஓர் அட்டவணை. அதைப் பார்த்து ஒரு கேள்வி எழுதிச் சேமித்துவைக்கலாம். 'இருநூற்றுப் பத்து நாளுக்கு மேல் வேலை செய்த தற்காலிகத் தொழிலாளர் யார் யார்?' என்று. சேமித்த கேள்வியில் அந்த இருநூற்றுப் பத்து இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். வேறு எண் வேண்டுமென்றால் கேள்வியைத் திறந்து, பழையதை அழித்து, புதியதை எழுதி, மறுபடி சேமிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி டீக்குப் பிறகு வரதராஜன் சார் வருவார். பர்சனல் ஆபீசர். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர், நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம், மெல்லிய குரல். கதவருகே செருப்போடு நின்றபடி சொல்வார்.

"அம்மா, இன்னிக்கு இருநூத்தி இருபது போட்டுக் குடும்மா. பிரஸ் ஷாப் மட்டும் போதும்."

ஏன் அந்த எண் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை, சிப்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்டால், அந்த ஆளைச் சும்மா போ என்று சொல்ல முடியாது. சட்டம் அவன் பக்கம் வந்துவிடும். அதனால் அந்த நாள் வருவதற்கு முன்பே அவனுக்கு 'பிரேக்' கொடுப்பார்கள். மூன்று மாதம் வீட்டில் இரு, பிறகு வா. திரும்பி வந்தால் புது டிக்கெட் நம்பர், புது ஆள், ஒன்றிலிருந்து எண்ணிக்கை. இதை மறைவாகச் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. மழை பெய்யும், வெயில் அடிக்கும், பிரேக் வரும் என்பது மாதிரி நடந்தது.

என் அண்ணனுக்கு ஆறு வருடத்தில் ஏழு டிக்கெட் நம்பர்.

3

அண்ணன் பிரஸ் ஷாப்பில் இருந்தார். உத்தனப்பள்ளியில் குடியிருந்தார். கம்ப்யூட்டர் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கேட்டு விண்ணப்பத் தாளை வாங்கிவந்து என் கையில் கொடுத்தவரே அவர்தான். நான் மூன்றே மாதத்தில் நிரந்தரம் ஆனேன். அவர் ஆகவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்து கேட்பார்: "பாப்பா, இந்த வாட்டி எனக்கு எத்தினி நாளு ஆச்சி?"

"தெரியலண்ணா. அதெல்லாம் பர்சனல்ல இருக்கும்."

தெரியும். அவர் நம்பர் பட்டியலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேலே ஏறிவருவதை நானே அச்சடித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் சாலையை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணன் வந்த ஷிப்ட் பஸ் கேட் மூடிய பிறகுதான் வந்தது. அன்று யாருக்கும் அட்டை அடிக்கவிடவில்லை.

"ஆனையும் கம்பெனி ஆளு போல இருக்குது பாப்பா. எனக்கு ஒருநாளு கம்மி பண்ணிட்டு பூடிச்சி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ரூமுக்குப் போய், அந்த நாள் அவர் கணக்கில் இல்லை என்பதைப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எண்ணை மாற்ற என் விரல் கூசியது. என் கையால் எண்ணைப் போட்டு என் அண்ணனைப் பிடித்துக் கொடுக்கிறேனே என்று தோன்றியது. வேலையை விடவும் முடியாது, அவரிடம் சொல்லவும் முடியாது. கெட்டிக்காரி இல்லையா, மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எண்ணை வரதராஜன் சாரே அடித்துக்கொள்ளட்டும். பழி அவர் விரலோடு போகட்டும்.

தடியான கையேடு ஒன்று இருந்தது. அதைப் படித்து நானே கற்றேன். கேள்வியில் எண் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஒரு பெயரை மட்டும் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன நிரல். அது திரையில் 'எத்தனை நாள்?' என்று கேட்கும். 'எந்தப் பிரிவு?' என்று கேட்கும். அடித்ததை எடுத்துக்கொண்டுபோய்க் கேள்வியின் கையில் கொடுக்கும். எண் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பிரிவின் பெயர்தான் இரண்டு வாரம் தண்ணி காட்டியது. எழுத்தாக இருப்பதை மேற்கோள் குறிகளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் அதை அட்டவணையின் ஒரு பத்தி என்று நினைத்துக்கொண்டு, அப்படி ஒன்று இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். அடையாள அட்டை இல்லாமல் வந்த ஆளை வாட்ச்மேன் திருப்பி அனுப்புகிற மாதிரி. குறிக்குள் குறி, அதற்குள் குறி என்று நாலு நாலாக எண்ணிப் போட்டு, ஒருநாள் மத்தியானம் பட்டியல் சரியாக வந்தபோது தனியாக நின்று கைதட்டினேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால், அதுவரை வாரம் ஒருமுறை வந்தவர் தினமும் வர ஆரம்பித்தார். என்னைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்ட மனிதருக்குத் திரையைத் தொந்தரவு செய்ய என்ன கூச்சம்? இருநூறு போட்டுப் பார்ப்பார், நூற்றுத் தொண்ணூறு போட்டுப் பார்ப்பார், பிரிவைக் காலியாக விட்டால் தொழிற்சாலை முழுவதும் வரும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். முன்பு இருநூற்று இருபதில் பயந்துபோய் நிறுத்தியவர்கள், இப்போது இருநூற்று முப்பத்து நாலு, முப்பத்தைந்து வரை வேலை வாங்கிவிட்டு நிறுத்தினார்கள்.

"பிரமாதம்மா. நூல் பிடிச்ச மாதிரி நிக்கறது" என்றார். அந்த வருடம் எனக்கு ஒரு சான்றிதழும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள்.

இதில் ஒரு தவறு இருந்தது. அப்போது அது தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை. அட்டை அடித்த நாள் மட்டும்தான் அட்டவணையில் இருக்கும். பொங்கல், உகாதி, மே தினம், ஆயுத பூஜை என்று சம்பளத்தோடு விட்ட விடுமுறைகள் அதில் கிடையாது. ஒருமுறை சாரிடம் கேட்டேன்: "சார், லீவு நாளெல்லாம் இதுல வராது. பரவால்லையா?"

"மிஷின் என்ன சொல்றதோ அதாம்மா கணக்கு" என்றார். மிஷினைச் சொல்லவைத்தது நான்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது ஞாபகம் இல்லை.

4

ஊரில் எல்லாரும் அமெரிக்காவுக்குப் பறந்த காலத்தில் எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் பழைய நிரல்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிப்போகும் என்று இங்கே பயந்துகொண்டிருந்தார்கள். நடுத்தர மிஷின் தெரிந்தவர்கள் குறைவு. நானும் என் கணவர் சிவாவும் நான்கு வயது நித்யாவும் கிளம்பினோம்.

நான் வந்த எட்டாவது மாதம் அண்ணனுக்கு பிரேக் கொடுத்தார்கள். அட்டை அடித்த கணக்கில் இருநூற்று முப்பத்து நாலு நாள். மூன்று மாதம் கழித்துப் போனார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் கன்னடத்தில் "நாளே பன்னி" என்றார், நாளைக்கு வாங்க என்று. மறுநாளும் அதையேதான் சொன்னார். இரண்டு மாதம் நாளைக்கு வந்தார் என் அண்ணன். அதற்குப் பிறகு புதுப் பையன்களை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இப்போது ஜூஜுவாடியில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறார். வயது நாற்பத்து மூன்று.

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல் அம்மா கேஸை எடுத்துக்கொண்டார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். விஷயம் எளிமையானது. சம்பளத்தோடு விட்ட விடுமுறை நாட்களும் அந்த இருநூற்று நாற்பதில் சேரும். அந்த ஒன்பது மாதத்தில் எட்டு விடுமுறை. முப்பத்து நாலோடு எட்டு, நாற்பத்திரண்டு. அண்ணன் கோட்டைத் தாண்டி இரண்டு நாள் ஆகிவிட்டது! நூல் பிடித்த மாதிரி நிறுத்துகிறோம் என்று நினைத்து, தாண்டவிட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் நிர்வாகம் வேறு கதை சொல்கிறது. நாங்கள் யாருக்கும் நாள் எண்ணி பிரேக் கொடுத்ததே இல்லை, மாதப்பன் தானாக நின்றுகொண்டார் என்கிறது. நாள் எண்ணினார்கள் என்பதற்கும், விடுமுறையை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்பதற்கும் ஏதாவது எழுத்து வேண்டும். 'நிரலை எழுதியவர் நீங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும்' என்று முடித்திருந்தார் வக்கீல் அம்மா.

5

போதும்தான். ஆனால் அதே வாரத்தில் இன்னொரு வக்கீலும் எனக்குக் கடிதம் போட்டார், இங்கே என் கிரீன் கார்டு மனுவைப் பார்க்கிறவர்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கே வேலை செய்ய ஆறு வருடம் கெடு. அதற்குள் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் மனு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சம்பள உயர்வு கேட்கவும் பயம், லிண்டா தும்மினால் எனக்குக் காய்ச்சல். சிவா ஓசூரில் முப்பது பேரை மேய்த்த சூப்பர்வைசர். என் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. நாலு வருடமாக வீட்டில் சமைக்கிறார், பனிக்காலத்தில் வாசலில் பனி வாருகிறார், தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது "காத்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தார். வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நித்யாவுக்கு இப்போது எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். எங்கள் மூன்று பேரை வரைந்துவிட்டு மற்ற கிளைகளில் பறவைகளை உட்காரவைத்துவிட்டாள். மாமா எங்கே என்று கேட்டேன். "எனக்கு அவர் முகம் தெரியாதே அம்மா" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

கார்டு மனுவுக்குப் பழைய கம்பெனியிலிருந்து அனுபவக் கடிதம் வேண்டும், நான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக விவரித்து. கையெழுத்துப் போட வேண்டியவர் வரதராஜன் சார். இப்போது மேனேஜர் ஆகிவிட்டார். யாருக்கு எதிராக எழுத வேண்டுமோ அவரிடமே எனக்காக எழுதித் தரச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு முடிச்சு.

தொலைபேசியில் கூப்பிட்டேன். குரல் அப்படியே இருந்தது.

"ஏம்மா, சௌக்கியமா? லெட்டர்தானே, தாராளமா. நீயே டைப் பண்ணி அனுப்பிடு. லெட்டர்ஹெட்ல அடிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சான்றிதழை வாங்குகிறவரே எழுதிக்கொள்ள வேண்டும், கொடுக்கிறவர் கையெழுத்து மட்டும் போடுவார். இங்கே லிண்டாவிடம் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவாள்.

உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது பணிகள். ஏழாவதாக இப்படி எழுதினேன்: 'பர்சனல் பிரிவு ஒவ்வொரு முறையும் தரும் நாள் எண்ணிக்கையையும் பிரிவின் பெயரையும் வாங்கிக்கொண்டு, அத்தனை நாள் முடித்த தற்காலிகத் தொழிலாளர்களைப் பட்டியலிடும் நிரலை எழுதினார். சம்பளத்துடன் கூடிய விடுமுறைகள் சேர்க்கப்படவில்லை. இடைநிறுத்தம் செய்யவேண்டியவர்களை நிர்வாகம் தினமும் இதைக்கொண்டு தேர்ந்தெடுத்தது.'

பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் எழுதிய எந்தத் திரையையும் போலவே, எது கொடுத்தாலும் அவர் படிக்காமல் வாங்கிக்கொள்வார் என்று நம்பினேன். சிவாவிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும், கேஸுக்கு உதவுகிற ஒரு கடிதம் சாரிடமிருந்து எனக்கு வரும், வக்கீல் அம்மாவிடம் சொல்லிவையுங்கள் என்று போனில் சொன்னேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் பதிவுத் தபால் வந்தது. லெட்டர்ஹெட், முத்திரை, பச்சை மசியில் அவர் கையெழுத்து. ஏழாவது பணி அப்படியே இருந்தது.

6

இனி நான் செய்ததுதான் கேவலம்.

கடிதத்தின் பிரதியை இங்குள்ள வக்கீலுக்கு அன்றே அனுப்பிவிட்டேன். அண்ணனின் வக்கீலுக்கு அனுப்பவில்லை. அவர் அதைக் கோர்ட்டில் வைத்த மறுநாள் வரதராஜன் சாருக்கு விஷயம் தெரியும். அப்படி ஒரு கடிதமே நான் கொடுக்கவில்லை என்று அவர் இங்கே ஒரு வரி எழுதிப்போட்டால் என் மனு செத்தது. சிவாவின் நாலு வருடமும் அதோடு போகும். கார்டு வரட்டும், வந்த அன்றே அனுப்பிவிடலாம் என்று அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். எப்போது வரும் என்று கேட்டால் இங்குள்ள வக்கீல், மூன்று மாதமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாடகை போன் கடையிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு வைப்பார். நான் திருப்பிக் கூப்பிடுவேன். அங்கே சாயங்காலம், பின்னால் லாரிகளின் சத்தம்.

"லெட்டரு வந்துச்சா பாப்பா?"

"இன்னும் இல்லண்ணா. அங்கேருந்து வரணுமே, லேட் ஆவுது போல."

நாலு மாதம் இதைச் சொன்னேன். அவரும் "செரி, செரி, வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேன்டீனில் 'தெரியலண்ணா' என்று சொன்ன அதே நாக்கு. அப்போதாவது நான் சின்னப்பெண் என்று ஒரு சாக்கு இருந்தது.

லிண்டா கொடுத்த வேலையைப் போன வியாழக்கிழமை முடித்தேன். முடிப்பதற்கு முன் கிடங்கு மேற்பார்வையாளரிடம் போய், விடுமுறை நாட்கள் இதில் சேர வேண்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டும் சொன்னார், சேர வேண்டும் என்று. சேர்த்தேன். இவ்வளவு சுலபமான கேள்வி. ஓசூரில் இன்னொருதரம் கேட்டிருக்கலாமே என்று காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

7

இந்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கூப்பிட்டேன். அண்ணன் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மழை இல்லை என்றார், ராகி விலை சொன்னார், நித்யா என்ன படிக்கிறாள் என்றார். நான்தான் ஆரம்பித்தேன்.

"லெட்டர் இன்னும்…"

"பாப்பா." நிறுத்தினார். "நம்ம கம்பெனி டெஸ்பாட்ச்சுல முனிராஜுன்னு ஒருத்தன் கீறான் இல்ல? டீக்கடையில பாத்தேன். உங்க தங்கச்சிக்கு பூஜைக்கு மின்னாடியே ரிஜிஸ்டர் தபாலு போட்டாச்சேன்னான்."

போனை மறுகாதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"எனுக்கு ஒண்ணும் கோவமில்ல. நீ பொய் சொல்லிக்கினு இருக்க வாணாம், அதான் சொல்றேன். மாப்பிள்ளைய எத்தினி வருஷம் ஊட்டுலயே குந்த வெப்ப? நானும் கண்ணால பாக்கலன்னாலும் நெனைச்சிப் பாக்கறேன் இல்ல. நேத்து கிருஷ்ணகிரி போயிருந்தேன். வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன், அந்த மாதிரி லெட்டரு ஒண்ணும் கெடையாதும்மா, எந்தங்கச்சிக்கு அந்த வேலையெல்லாம் ஞாபகமில்லயாம்னு. அவுங்களும் செரின்னுட்டாங்க. அடுத்த வாய்தாவோட முடிச்சிக்கலாம்னு கீறேன்."

"அண்ணா, ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்னா சொல்றது? நீ வெச்சிக்கினு தரலன்னு சொல்றதா? எந்தங்கச்சிய நான் அப்டி சொல்லுவனா?" லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "லோடு வந்துடுச்சி. வெக்கறேன். ஒடம்ப பாத்துக்கோ."

அவர் திட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு வருடம் அந்தக் கடிதத்தைச் சேலைக்கு அடியில் வைத்திருப்பேன். திட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. சிவா இருந்தார், நித்யா இருந்தாள், கெடு இருந்தது. எனக்காக அவர் சொன்ன பொய்க்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. அன்று முழுவதும் அடுப்படிக்கும் அலமாரிக்குமாக நடந்தேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தபால் நிலையம் போனேன். கடிதத்தின் மூலத்தையே உறையில் போட்டேன். கூடவே என் கையால் ஒரு பக்கம், நிரல் என்ன செய்தது, நான் என்ன கேட்டேன், வரதராஜன் சார் என்ன சொன்னார் என்று எழுதி, அடியில் கையெழுத்திட்டேன். வக்கீல் அம்மாவின் கிருஷ்ணகிரி முகவரிக்கு விரைவுத் தபால். உள்ளே என்ன என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். காகிதம் என்றேன். அவள் முத்திரை குத்திப் பின்னால் இருந்த கூடைக்குள் போட்டாள். திரும்பக் கேட்டால் கொடுத்திருப்பாள். ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சிவா தொப்பியும் கையுறையுமாக வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். தபால் பெட்டியின் மூடி திறந்திருந்தது. பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

"இன்னிக்கும் ஒண்ணும் வரல" என்றார்.

"நான் ஒண்ணு அனுப்பியிருக்கேன். உள்ள வாங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே கையுறைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.